குளிரில் கடிக்கும் தூள்

“பூச்சி அரிச்சிருக்கு” என்றார் கண்டக்டர், கம்பளி ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. “எங்க வீட்டுலயும் இதே கதைதான். என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கிட்டா ஃபேனே வேண்டாம்.”

“எந்தப் பூச்சிங்க இடது தோளை மட்டும் தின்னுட்டு மிச்சத்தை அப்படியே விட்டுட்டுப் போகும்?” என்று கேட்டார் மேடம்.

கண்டக்டர் ஸ்வெட்டரைத் திருப்பினார். வலது பக்கம் கடையில் வாங்கியபடியே இருந்தது. இடது தோளிலும் முதுகின் மேல் ஓரத்திலும் ஊசியால் குத்தினாற்போல் துளைகள். சில இடங்களில் விரல் பட்டதுமே கம்பளி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இடதுசாரிப் பூச்சியா இருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அது சாவு விழுந்த வீடு. ஸ்வெட்டரின் சொந்தக்காரி போன மாதம் அலுவலகத்தில் தன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தபடியே மூச்சுத் திணறி இறந்துபோனாள். கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்வெட்டரை மடித்தார்.

அவர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மேடம் அவருடைய மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்துவிட்டு, பிறகு தனியாகத் துப்பறிய ஆரம்பித்தவர். வீட்டில் இருவரும் ‘என்னங்க’, ‘ஏம்மா’. கேஸ் என்று வாசல்படி தாண்டிவிட்டால் மேடம், கண்டக்டர். உதவியாளருக்குச் சம்பளம் கிடையாது, வாய்க்குப் பூட்டும் கிடையாது.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள் சின்னவள். இறந்தவளின் தங்கை. பெரியவள் வேலை பார்த்த அதே என்சைம் கம்பெனியில், அதே பிரிவில், இப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பாதியில் விட்டதை முடிக்க வேண்டும் என்று தானே கேட்டு வாங்கிய நாற்காலி. அதில் உட்கார்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து அவளுக்கும் இருமல்.

“அக்காவுக்குப் பிறவியிலேயே இழுப்பு இருந்திருக்கும்னு கம்பெனியில எழுதிக் குடுத்துட்டாங்க மேடம்” என்று சொல்லும்போதே இருமினாள். “அவளுக்கு ஜலதோஷம்கூட வராது.”

சுவரோரம் செப்புக் குழாய்ச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெரியவளின் கணவன் தலை நிமிர்ந்தான். ஏ.சி. மெக்கானிக். போன வருடம்வரை அவனும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தான். இப்போது சொந்தத் தொழில், வீட்டுக் கூடமே பட்டறை.

“இழுப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தப் புரொபசர்தான். நாற்பத்தொண்ணு என் பொண்டாட்டி பண்ணது. அவன் தன் பேரைப் போட்டுக்கப் பார்த்தான், இவ விடலை. காபியில என்னத்தையோ கலந்துட்டான். ஆளைக் காட்டுங்க மேடம், அது போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“அத்தான், காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை நீங்க.”

“எனக்குப் பசிக்கலை பாப்பா. நீ போய் அந்த இருமலுக்கு மருந்து குடி.”

சின்னவளுக்கு அப்பா அம்மா இல்லை. பள்ளிக்கூடம் முதல் கடைசிப் பட்டம் வரை படிக்க வைத்தது இவர்கள் இருவரும்தான். இப்போது அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு மனிதன். அவனுக்கு மிச்சம் இருப்பது இவள். சின்னவள் மறுபடி இருமினாள். பெரியவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது.

“நாற்பத்தொண்ணுன்னா?” என்று கேட்டார் கண்டக்டர். “எங்க டிப்போவில அது மார்க்கெட் பஸ்.”

“சலவைத்தூள்ல போடற என்சைம் சார். துணியில பால், முட்டை, ரத்தம் எல்லாம் ஒட்டிக்கிட்டா அதைக் கடிச்சுத் துண்டாக்கிடும். சாதாரண என்சைம் வெந்நீர்லதான் ஒழுங்கா வேலை செய்யும். பச்சைத் தண்ணியிலயும், ஐஸ் தண்ணியிலயும்கூடக் கடிக்கற மாதிரி அக்கா ஒண்ணு பண்ணினா. நாற்பது தடவை தோத்து, அதுக்கப்புறம் வந்தது. அதான் அந்தப் பேரு.”

“அந்தத் தூளை அவங்க கையால தொட்டிருப்பாங்களா?”

“தொட்டதே இல்லை மேடம். நாங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான். அதனாலதான் கம்பெனிக்காரங்க தைரியமா எழுதிக் குடுத்திருக்காங்க.”

மேடம் ஸ்வெட்டரைக் கேட்டார். மெக்கானிக் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து, வாயை வெள்ளி நிற டேப்பால் ஒட்டினான். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, நுனியை ஒரு விரல் அகலம் உள்பக்கமாக மடித்து அழுத்தினான்.

“இது என்ன ஸ்டைலு?” என்றார் கண்டக்டர்.

“அடுத்துப் பிரிக்கறவன் நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல சார். கூட வேலை பார்த்தவங்க எல்லாம் சிரிப்பாங்க. எனக்குப் பழகிப்போச்சு.”

*

கம்பெனியின் நடுவே தரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈரப் பக்கம். கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிகள், குழாய்கள், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு மாஸ்க்கோடு நடமாடும் ஆட்கள். இந்தப் பக்கம் உலர் பக்கம். காபிக் கோப்பைகள், வாடிய தொட்டிச் செடி, நாற்காலி முதுகுகளில் ஸ்வெட்டர்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் ஒரே ஆயுதம் கீபோர்டு.

“கோட்டைத் தாண்டி ஒரு துகள் வராது” என்றார் புரொபசர். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவர், பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. “எங்க துறையில இது அடிப்படை. உலர் ஆளு உலர் ஆளுதான். அந்தப் பெண் சாவு எனக்கும் வருத்தம்தான். ஆனா அதுக்கும் எங்க தூளுக்கும் சம்பந்தமே இல்லை.”

சின்னவள் திரையில் இரண்டு வண்ணச் சங்கிலிகளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று சுருண்டு, ஒன்று மடிந்து, இரண்டும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன.

“என்சைம்ங்கறது மணி கோத்த சரம் மாதிரி மேடம். கோத்த வரிசைப்படி தானா மடிஞ்சுக்கும். இது ஆழ்கடல் குளிர்ல வாழற ஒரு கிருமியோட சரம். இது சலவைத்தூள்ல இருக்கற சரம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்த மணி இருக்கறதால அது குளிர்லயும் விறைக்காம அசையுதுன்னு தேடணும். தேடி எடுத்து இதுல கோக்கணும். கோத்துட்டு ஈரப் பக்கத்துக்கு அனுப்பினா அவங்க நிஜமா செஞ்சு பார்ப்பாங்க. பல நேரம் உடைஞ்சு போயிடும். மறுபடி முதல்லேருந்து.”

“இதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?”

“குடுக்கறாங்க சார்.”

“நல்ல கம்பெனிதான்.”

மேடம் புரொபசரைப் பார்த்தார். “இந்தத் தூளால யாருக்காவது ஒவ்வாமை வருமான்னு பார்த்தீங்களா?”

“பார்க்காம இருப்போமா? ஒவ்வாமை உண்டாக்கற பொருள்கள் எல்லாத்தோட சரமும் ஒரு பட்டியலா இருக்கு. புதுச் சரத்தை அதோட ஒப்பிட்டுப் பார்க்கணும். நாற்பத்தொண்ணு எதோடயும் பொருந்தலை. ஒப்பிட்டது நான் இல்லை. இறந்துபோன அந்தப் பெண்ணேதான். ‘பொருத்தம் இல்லை’ன்னு அவங்க குடுத்த முடிவை வெச்சுத்தான் தூளா செய்யவே ஆரம்பிச்சோம்.”

“புதுசா தொழிலுக்கு வந்த திருடன் போட்டோ ஸ்டேஷன் போர்டுல இருக்காது சார்” என்றார் கண்டக்டர். “அதுக்காக அவன் நல்லவன்னு கதவைத் திறந்து விட்டுடுவீங்களா?”

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மேடம் சின்னவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவள் உட்கார்ந்ததுபோலவே திரையைப் பார்த்து முன்னால் சாய்ந்தார். குளிர் பிடரியில் இறங்கியது. மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டிருக்க, இந்த மூலையில் மட்டும் நல்ல குளிர்.

சொட்.

இடது தோளில் ஒரு துளி நீர். மேடம் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே, சற்று இடதுபுறம், காற்று வரும் சதுரக் கம்பித் தட்டி. அதன் ஓரத்தில் இன்னொரு துளி உருண்டு திரண்டுகொண்டிருந்தது.

“பூச்சியோட வீடு தெரிஞ்சுபோச்சு” என்றார் மெதுவாக.

கண்டக்டர் ஸ்டூலில் ஏறி, கைக்குட்டையால் தட்டியைத் துடைத்தார். துணியில் மெல்லிய வெள்ளை மாவு.

“இதுக்கு மேல என்ன ரூம்?”

புரொபசர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். “ஸ்டோர் ரூம். அதாவது, முன்னாடி ஸ்டோர். இப்ப தூள் காயவைக்கறோம். இடம் பத்தலை. ஆனா அந்த ரூம் காத்து தனி. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஏ.சி. செக்‌ஷனுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். தனின்னுதான் சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“யாரோ ஃபோனை எடுத்தாங்க. பேரெல்லாம் கேக்கலை.”

கிளம்பும்போது மேடம் சின்னவளின் தோளைத் தொட்டார். “இனிமே அந்த நாற்காலியில உக்காராதேம்மா. காரணம் கேக்காதே.”

*

“கம்பளி மற்றும் பட்டுத் துணிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்” என்று கண்டக்டர் சலவைத்தூள் பாக்கெட்டின் முதுகைச் சத்தமாகப் படித்தார். “இத்தனை வருஷம் துவைச்சிருக்கேன், ஒரு நாள் திருப்பிப் பார்த்ததில்லை. அப்ப என் கல்யாணக் கோட்டைத் தின்னது பூச்சி இல்லை.”

“நீங்கதான். கம்பளியும் உடம்புல இருக்கற சதை மாதிரிதான். ஈரம் பட்டா என்சைம் அதையும் கடிக்கும்.”

“நம்ம கைக்குட்டையில இருக்கறது இந்தப் பாக்கெட்டுல இருக்கற ஜாதியா, இல்லை நாற்பத்தொண்ணான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நம்மகிட்ட என்ன ஆராய்ச்சிக்கூடமா இருக்கு?”

“ஃப்ரிட்ஜ் இருக்கு” என்றார் மேடம்.

காலையிலேயே மூன்று கிண்ணங்களில் சிவப்பு ஜெல்லி உறைய வைத்திருந்தார். ஒன்றின் மேல் பாக்கெட் தூளைக் கரைத்து ஒரு கரண்டி விட்டார். இன்னொன்றின் மேல் கைக்குட்டையை அலசிய தண்ணீர். இரண்டையும் மறுபடி குளிரில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஜெல்லியும் கம்பளி, சதை ஜாதிதான். கடிபட்டால் தண்ணீராகிவிடும்.

“மூணாவது கிண்ணம்?”

“அது உங்களுக்கு. வாயை மூடிக்கிட்டு இருக்க.”

சாயங்காலம் கதவைத் திறந்தபோது பாக்கெட் தூள் விட்ட ஜெல்லி மேலே லேசாக ஈரம் கோத்திருந்ததே தவிர, தட்டினால் இன்னும் ஆடியது. கைக்குட்டைக் கிண்ணத்தைக் கண்டக்டர் சாய்த்தார். சிவப்புத் தண்ணீர் விளிம்புக்கு ஓடி வந்தது. உறைந்தது ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

அவர் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மேடம் ஃபோனில் சின்னவளிடம் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து இருமல் மட்டும் வந்தது.

“இந்தக் குளிர்ல இவ்வளவு வேகமா கடிக்கறது உலகத்துல அது ஒண்ணுதான் மேடம்” என்றாள் கடைசியில். “அதுக்காகத்தானே அவ அவ்வளவு கஷ்டப்பட்டா.”

“மேல காயற தூள் எப்படியோ அந்தத் தட்டிக்கு வருது. நாளைக்கு லீவு நாள்தானே? சீலிங்கைத் திறந்து பார்க்கணும். புரொபசரையும் வரச் சொல்லு.”

“அப்ப அவர்தான் குழாயை இழுத்து விட்டிருக்காரா?”

“பார்க்காம யார் மேலயும் கையை நீட்டக் கூடாதும்மா.”

“அத்தானை வரச் சொல்றேன் மேடம். அந்த சீலிங் அவருக்குத்தான் தெரியும்.”

மேடம் சரி என்று சொல்லி ஃபோனை வைத்தார். வைத்த பிறகுதான் ஏதோ ஒன்று இடறியது. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

*

லீவு நாளில் அந்தக் கூடம் காலியாக இருந்தது. சர்வர் பெட்டிகள் மட்டும் மூலையில் முனகிக்கொண்டு வெப்பத்தைக் கக்கின. மேடம் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்தார். புரொபசர் சாவியோடு கதவோரம் நின்றார், எந்த நேரமும் வெளியே போய்விடத் தயாராக இருப்பவர்போல. சின்னவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் இன்னும் வரவில்லை.

“அதுக்குள்ள நான் ஒரு டிரிப் போயிட்டு வந்துடறேன்” என்று கண்டக்டர் ஏறினார். சீலிங் பலகை ஒன்றை நகர்த்தி, ஃபோனை உள்ளே நீட்டி, விளக்குப் போட்டுப் படம் எடுத்தார். “மேல போற குழாய் ரெண்டு இருக்கு மேடம். ஒண்ணு மொட்டை மாடிப் பக்கம் போகுது. அது சட்டப்படி. இன்னொண்ணு நேரா மேல் ரூமுக்குப் போகுது. அது வித்தவுட்.”

இறங்கி வந்து படத்தைக் காட்டினார். மேல் அறையின் காற்றே சுற்றிச் சுற்றி வரும் குழாயிலிருந்து கிளை பிரித்து, வளையும் குழாய் ஒன்றைத் தட்டிக்கு இணைத்திருந்தார்கள். நல்ல கைவேலை. இணைப்பைச் சுற்றி வெள்ளை மாவு படிந்திருந்தது. மாவுக்கு அடியில் வெள்ளி டேப்.

மேடம் படத்தைப் பெரிதாக்கினார். டேப்பின் ஒவ்வொரு நுனியும் ஒரு விரல் அகலம் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

அவர் ஃபோனைக் கண்டக்டரிடம் திருப்பினார். கண்டக்டர் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“அவரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றார் மேடம் தாழ்ந்த குரலில். “இப்பவே.”

கதவு திறந்தது. முகத்தில் வேலை மாஸ்க்கும் கையில் கருவிப் பையுமாக மெக்கானிக் வந்து நின்றான்.

“யார்னு தெரிஞ்சுதா மேடம்?” அவன் கண் புரொபசர் மேல் இருந்தது.

“நீங்க ஏற வேண்டாங்க. வேற ஆளை வெச்சுப் பார்த்துக்கறோம். வாங்க, வெளியில போய்ப் பேசலாம்.”

“ஏன்? என்னைவிட இந்த சீலிங் யாருக்குத் தெரியும்?”

“அத்தான், மேல் ரூம்லேருந்துதான் தூள் வருது” என்றாள் சின்னவள். மேடம் கையைக் காட்டி நிறுத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். “யாரோ குழாயைச் சேர்த்து விட்டிருக்காங்க.”

“எந்த மேல் ரூம்?”

“ஸ்டோர். அங்கதான் இப்ப தூள் காயவைக்கறாங்க.”

மெக்கானிக்கின் பை தரையில் இறங்கியது. அவன் அதை வைத்ததாகத் தெரியவில்லை, கை தானாக விட்டுவிட்டது. மேடம் குறுக்கே போவதற்குள் ஏணியில் ஏறிவிட்டான். தலை மறைந்தது. தோள் மறைந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது.

உள்ளே டேப்பைக் கையால் தடவும் சத்தம்.

“அட்டைப்பெட்டிதானே இருந்துச்சு அங்க” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “காலி அட்டைப்பெட்டி மட்டும்தானே இருந்துச்சு.”

சின்னவளின் கை ஏணிக் கம்பியில் இறுகியது. அவள் மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. அது போதுமாக இருந்தது.

“இந்த சர்வர் சூட்டுல அவளுக்கு மண்டை வெடிக்கும் பாப்பா. ராத்திரி தூங்க மாட்டா. கம்பெனிக்கு எத்தனை தடவை எழுதிப் போட்டேன். ஒருத்தனும் கண்டுக்கலை. மேல காலி ரூமுக்குச் சும்மா போற குளிர்தானே, அதுல கொஞ்சம் எடுத்து அவ தலைக்கு மேல விடுவோம்னு ஒரு லீவு நாள்ல வந்து செஞ்சேன். அவகிட்ட சொல்லலை. கம்பெனியே சரிபண்ணிட்டாங்கன்னு சொன்னேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா? இன்னிக்குத்தாங்க மூளையே வேலை செஞ்சுதுன்னா.”

புரொபசர் கதவோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். “நான் ஃபோன் பண்ணினப்ப... காத்து தனியான்னு கேட்டப்ப... எடுத்தது நீங்களா?”

“நான்தான். தனின்னுதான் சொன்னேன். கேக்காம குழாய் போட்டது தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன். எதுக்குக் கேக்கறீங்கன்னு நீங்க சொல்லலை. நானும் கேக்கலை. அடுத்த மாசம் நானே வேலையை விட்டுட்டேன். குழாய் ஞாபகமே இல்லை.”

கீபோர்டின் மேல் ஏதோ வந்து விழுந்தது. அவனுடைய மாஸ்க்.

“அத்தான், இறங்குங்க.”

உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஆழமாக, நிதானமாக, தண்ணீர் குடிப்பதுபோல. அவன் அசைந்தபோது மாவு சீலிங் இடுக்கிலிருந்து மெல்லிய திரையாக இறங்கியது.

கண்டக்டர் ஏணியில் கால் வைத்தார். சின்னவள் அவரை நகர்த்திவிட்டாள். நேராக அந்தத் திரைக்குக் கீழே போய் நின்று தன் மாஸ்க்கைக் கழற்றித் தரையில் போட்டாள்.

“பாப்பா!” என்றார் மேடம்.

“அத்தான், நான் மாஸ்க்கைக் கழட்டிட்டேன்.” அண்ணாந்து பார்த்தாள். “நீங்க மேல இழுக்கற ஒவ்வொரு மூச்சுக்கும் நான் கீழ ஒண்ணு இழுப்பேன். எனக்கு ஏற்கெனவே இருமல் இருக்கு. யாருக்கு முதல்ல முடியுதுன்னு பார்க்கலாம்.”

இழுத்தாள். உடனே இருமல் வந்தது. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு விடாமல். உடம்பை வளைத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இருமலுக்கு நடுவில் மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். மேடம் பாய்ந்து அவள் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தப் பார்த்தார். அவள் தட்டிவிட்டாள்.

“என்ன பண்றே நீ? போடு பாப்பா!” மேலே அவன் அலறினான். “போட்டுக்கோ!”

“இறங்... குங்க.”

உள்ளே தகரம் மோதியது. டேப் ஒரே இழுப்பில் கிழிபடும் சத்தம். ஏதோ ஒரு மூடி அறைந்து சாத்தப்பட்டது. தட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நின்றது. ஒரு கால் கீழே வந்து ஏணிப் படியைத் தடவித் தேடியது. கண்டக்டர் அந்தக் காலைப் பிடித்துப் படியில் வைத்தார். பிறகு அடுத்ததை.

மெக்கானிக் இறங்கி நின்றான். தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை. சின்னவளை நோக்கிக் கையை நீட்டினான். உள்ளங்கையைப் பார்த்தான். பாதியிலேயே நிறுத்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“வாங்க தம்பி” என்று கண்டக்டர் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே தாழ்வாரத்துக் குழாய்க்கு அழைத்துப் போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. மேடம் சின்னவளைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் ஜன்னலடியில் உட்கார வைத்தார். விசில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

புரொபசர் பின்னாலேயே வந்தார். “நான் கேட்டுட்டுத்தானே ஆரம்பிச்சேன் மேடம். நீங்களே சொல்லுங்க. கேட்டேனா இல்லையா?”

“ஃபோன்ல கேட்டீங்க. மாடிப்படி ஏறிப் பார்க்கலை. தூள் பறக்கற ரூம்ல ஒரு வடிகட்டி வைக்கலை. செத்த பிறகும் இழுப்புன்னு எழுதிக் குடுத்தீங்க. தங்கச்சி கேட்டதும் அதே நாற்காலியில உக்கார விட்டீங்க.”

அவர் சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் போலீசுக்குப் பேசினார். முதலில் ஆம்புலன்ஸ், பிறகு நீங்கள் என்றார். மறுமுனையில் இருந்தவர் இன்சூரன்ஸ் காலத்திலிருந்து தெரிந்தவர். ஸ்பீக்கரில் குரல் கரகரத்தது.

“அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு கேஸ்தானே? கொலைதானா மேடம்? ஆள் சிக்கிட்டானா?”

“மூணு பேர்.”

“மூணு பேரா? எங்க இருக்காங்க?”

“ஒருத்தர் என் முன்னாடி நிக்கறார். ஒருத்தர் குழாயடியில இருக்கார். ரெண்டு பேரும் எங்கயும் போக மாட்டாங்க.”

“மூணாவது ஆளு?”

மேடம் வாயைத் திறந்தார். சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் ஃபோனைக் கீழே இறக்கினார். சின்னவள் சுவரைப் பிடித்து எழுந்து, ஃபோன் பக்கம் குனிந்தாள்.

“என் அக்கா சார்” என்றாள். “இந்தத் தூளுக்குப் பட்டியல்ல பொருத்தம் இல்லை, செய்யலாம்னு எழுதிக் குடுத்தது அவதான்.”

சொல்லிவிட்டு, இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த குழாயடிக்கு, அத்தானிடம் போனாள்.